வீட்டு நெல்லின் விலை

மூன்று மாதத்துக்கு என்று சொல்லித்தான் காமுவைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1906-ஆம் வருஷம் ஆனி மாதம் பதினோராம் தேதி, காலை ஆறரை மணிக்கு அவள் ஹௌராவில் இறங்கினாள். கையில் ஒரு தகரப்பெட்டி, ஒரு கூஜா, புளி அடைத்த ஒரு சிறு சாக்கு.

அவள் கணவர் வைத்தீஸ்வரனுக்குக் கிளைவ் தெருவில் ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. பவானிபூரில் நம்மவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் தங்கியிருந்தார். அந்த வருஷம் ஜுரம் கண்டு நாற்பது நாள் எழுந்திருக்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று மெஸ்காரர்கள் மூன்று கடிதம் போட்ட பிறகே, பெண்டாட்டியை அனுப்ப ஊரில் உத்தரவு கிடைத்தது. உத்தரவு கொடுத்தவர் வைத்தியின் அண்ணா சீதாராமன். தகப்பனார் காலமான பிறகு மாயவரத்துக்குக் கிழக்கே உள்ள வீடும், வாய்க்காலின் கடைசியில் கிடந்த ஒன்பது மா நிலமும் அவர் மேற்பார்வையில் இருந்தன. மாதாமாதம் வைத்தி அனுப்பும் இருபத்தைந்து ரூபாயும் அப்படியே.

ஜுரம் இறங்கியது. உடம்பு தேறியது. காமு திரும்பிப் போகவில்லை. மெஸ்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வங்காளி வீட்டின் கீழ்க்கட்டில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, முற்றத்தில் ஒரு குழாய் என்று பதினோரு ரூபாய் வாடகைக்குக் குடி வைத்தாயிற்று. அடுத்த வருஷம் விஜயலக்ஷ்மி பிறந்தாள்.

திரும்பாததற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி ஆறு வருஷம் காமு ஊரில் இருந்தாள்; வைத்திக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாதம் லீவு. அவர்களுடைய முதல் பிள்ளை ஊரில் பிறந்தது. பத்தாம் மாதத்தில் மாந்தம் கண்டு போய்விட்டது. லீவு கிடைத்தது பதினோராம் மாதம். அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று வைத்தி ஒரே ஒரு தடவை கேட்டார். காமுவால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்கவுமில்லை, அவள் மறக்கவுமில்லை.

அவள் படிப்பு கும்பகோணத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனால் கூட்டலும் வகுத்தலும் அவளுக்கு மூச்சு மாதிரி. சாதம் வெந்துகொண்டிருக்கும்போதே மனசுக்குள் அணாவை ரூபாயாக்கி, ரூபாயை மாதமாக்கி, மாதத்தை வருஷமாக்கிவிடுவாள். கம்பெனியில் கழித்துப்போட்ட பில் தாள்களை வைத்தி கொண்டுவருவார். அவற்றின் பின்பக்கம் முழுவதும் காமுவின் எழுத்துதான். வரும் கடிதம் ஒன்றைக்கூடக் கிழித்துப்போட மாட்டாள். அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஒரு கம்பி தொங்கியது. சீதாராமன் எழுதிய கார்டுகள் எல்லாம் தேதி வரிசையில் அதில் குத்தியிருந்தன.

1909-ஆம் வருஷம் கார்த்திகையில் ஒரே நாளில் இரண்டு கார்டு வந்தது. முதல் கார்டில் இடம் போதாமல் சீதாராமன் இரண்டாவதில் தொடர்ந்திருந்தார். கல்கத்தாவில் குடித்தனம் நடத்துவதற்கும் ஊரில் நடத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் பத்தி பிரித்து எழுதியிருந்தார். கல்கத்தா: வாடகை பதினொன்று, கார்ப்பரேஷன் வரி ஒன்று, அரிசி ஐந்தே கால், மற்றவை பதினெட்டே முக்கால், ஆக முப்பத்தாறு. ஊர்: வாடகை சைபர், வரி சைபர், அரிசி சைபர், பால் சைபர், விறகு சைபர். காமுவுக்கும் குழந்தைக்கும் துணிமணி, சில்லறை மூன்று. வைத்திக்கு மெஸ் பதினான்கு. ஆக பதினேழு. மாதம் பத்தொன்பது ரூபாய் மிச்சம். ஐந்து வருஷத்தில் பக்கத்து ஆறு மா நிலத்தை வாங்கிவிடலாம். கடைசியில் ஒரு வரி: 'மாசியில் காசி, கயை முடித்துக்கொண்டு கல்கத்தா வருகிறோம். திரும்பும்போது காமுவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போகிறோம்.'

வைத்தி இரண்டு கார்டையும் படித்துவிட்டுக் காமுவிடம் நீட்டினார்.

"அண்ணா சொல்றதுல தப்பு ஒண்ணும் தெரியலையே காமு" என்றார். "இங்கே எல்லாத்துக்கும் காசு. அங்கே எதுக்கும் இல்லை."

"அரிசிக்குச் சைபர் போட்டிருக்காரே, பார்த்தேளா?"

"வீட்டு நெல்லுக்கு யாராவது விலை போடுவாளோ?"

"போடலாமே. போட்டா என்ன ஆயிடும்?" என்றாள் காமு.

அன்று மத்தியானமே கம்பியிலிருந்த கார்டுகளை இறக்கினாள். மூன்றரை வருஷத்துக் கார்டுகள். சீதாராமன் சீரான மனிதர். பணம் வந்ததையும் அது எதற்குப் போனது என்பதையும் மாதம் தவறாமல் எழுதுவார். தை மாதக் கார்டில் 'நிலத்துக்குக் கிஸ்தி முதல் தவணை ஒன்பது கட்டினேன்.' மாசியில் ஒன்பது. பங்குனியில் ஒன்பது. ஆடிக் கார்டில் உழவுக்கூலி. புரட்டாசியில் நடவு. நடுவில் ஒரு கார்டில் வாய்க்கால் வெட்ட இரண்டு ரூபாய். தை மாதத்தில் மகசூல் விவரம்: நாற்பத்தைந்து கலம் கண்டது, விதைக்கு எடுத்தது, அறுப்புக்கூலி, களத்தில் அளந்தது எல்லாம் போக வீட்டுக்கு வந்தது இருபத்துநாலு கலம். எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருந்தது. அவர் ஒரு தடவைகூட அதைக் கூட்டிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

காமு கூட்டினாள். ஒரு கலம் நெல் குத்தினால் வரும் அரிசி கடையில் என்ன விலை என்று கும்பகோணத்தில் இருந்த அக்கா நாகலக்ஷ்மிக்கு எழுதிக் கேட்டாள். அக்கா மூன்று கடையில் விசாரித்து, இரண்டு ரூபாய்க்கு மேல் யாரும் சொல்லவில்லை என்று மறுதபாலில் எழுதினாள்.

மாசி மாதம் நாலாம் தேதி சீதாராமனும் அவர் மனைவி சாவித்ரியும் வந்து சேர்ந்தார்கள். ஒரு பித்தளைச் சொம்பு நிறைய கங்கை ஜலம், காசிக் கயிறு, கயையில் இனித் தொடுவதில்லை என்று ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வந்த விரதம், எல்லாம் சகிதம்.

அந்த வீட்டு வழக்கப்படி காமு மைத்துனர் முன்னால் நின்று பேசுவதில்லை. அவர் கூடத்தில் இருந்தால் இவள் சமையல்கட்டு நிலைக்கு உட்புறம் இருப்பாள். சொல்ல வேண்டியதை வைத்தியிடம் சொல்லுவாள். அது அவர் காதில் விழும். அவரும் வைத்தியிடமே பதில் சொல்லுவார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இருவரும் நேராக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

முதல் இரண்டு நாள் காளிகாட், கங்கை, ட்ராம் என்று போயிற்று. மூன்றாம் நாள் கார்ப்பரேஷன் ஆள் பில் கொண்டுவந்தான். அந்த ஊரில் வீட்டு வரியில் பாதி வீட்டுக்காரர் தலையில், பாதி குடியிருப்பவர் தலையில். மூன்று மாதத்துக்கு மூன்று ரூபாய். சீதாராமன் பில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீடு எவனுதோ. வரி நீ கட்டறாயா? நல்ல ஊருடா இது!"

"குழாய்த் தண்ணிக்கு, வெளக்குக்கு, சாக்கடைக்குன்னு எல்லாம் சேர்த்து அண்ணா" என்றார் வைத்தி.

"தண்ணிக்கு வரி! மூச்சு விடறதுக்கு எப்போ பில் வரும்? அதுக்கும் பாதி வீட்டுக்காரன், பாதி நீயா?" சீதாராமன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நம்மூர்ல காவேரி இருக்கு. எவனாவது பில் எடுத்துண்டு வந்தானா?"

நிலைக்கு உள்ளிருந்து காமுவின் குரல் வந்தது. "ஏன்னா, ஊர்ல கிஸ்தின்னு ஒண்ணு கட்டறாளே, அது எதுக்குன்னு கேளுங்கோ."

வைத்தி கேட்கவில்லை, கேட்காமலே அது போய்ச் சேர்ந்துவிட்டது. சீதாராமனின் சிரிப்பு நின்றது.

"கிஸ்தி வரியாடா? பட்டாவுல நம்ம தோப்பனார் பேர் இருக்கு. கிஸ்தி கட்டறவன் மிராசுதார். குழாய்க்குக் கட்டறவன் குடிக்கூலிக்காரன். ரெண்டும் ஒண்ணுன்னு எவன் சொன்னான்?"

"ரெண்டும் ஒரே சம்பளத்துலேர்ந்துதான் போறதுன்னு சொல்லுங்கோ" என்றது குரல்.

சாவித்ரி அப்போது கூடத்து மூலையில் முறத்தில் பருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆனால் விரல்கள் ஒரு நிமிஷம் நின்றன.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டதும் சீதாராமன் விஷயத்துக்கு வந்தார். மறுநாள் சாயங்கால மெயிலில் புறப்பாடு. வைத்தி அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஹௌராவுக்குப் போய் டிக்கெட் வாங்கி வரவேண்டும். "மூணரை டிக்கெட்" என்றார். "எங்களுக்கு ரெண்டு, காமுவுக்கு ஒண்ணு, கொழந்தைக்கு அரை." மடியிலிருந்து ரூபாயை எடுத்துத் தம்பி முன்னால் வைத்தார்.

வைத்தி அதைத் தொடவில்லை. "அண்ணா, அவ ஒரு பட்டியல் போட்டு வெச்சிருக்கா. அதைக் கொஞ்சம் கேட்டுட்டு..."

"பட்டியலா? நான் எழுதினது போறாதா?"

"அதுக்குப் பதில்."

"அதுக்குப் பதில் வேற இருக்கா!" என்றார் சீதாராமன். ஆனாலும் காலை மடக்கி உட்கார்ந்தார். கணக்கு என்றால் அவருக்கும் ஆசைதான்.

வைத்தி பில் தாளைப் பிரித்துப் படித்தார். கிஸ்தி, செஸ் சேர்த்து இருபத்தேழு. உழவு, நடவு ரொக்கமாகப் பதினைந்து. வாய்க்கால் இரண்டு. ஆக நாற்பத்துநாலு. வீட்டுக்கு வந்த நெல் இருபத்துநாலு கலம். ஒரு கலத்துக்கு ஒரு ரூபாய் பதின்மூன்றணா நாலு தம்பிடி.

"என்னது அது?"

"வீட்டு நெல்லோட விலை அண்ணா. அதே அரிசியைக் கடையில வாங்கினா ரெண்டு ரூபாய். கலத்துக்கு ரெண்டணா எட்டு தம்பிடி மிச்சம். வருஷத்துக்கு மொத்தம் நாலு ரூபாய்."

சீதாராமன் தாளைப் பிடுங்கினார். கண்ணுக்கு எட்டவைத்து, கிட்டவைத்து, இரண்டு தடவை படித்தார். தப்பு எங்கேயாவது இருக்கும் என்று தேடினார். அவருடைய எண்கள்தான், தேதி உட்பட.

"நெலத்தை இப்படியாடா பார்ப்பா? இது என்ன, கம்பெனிச் சரக்கா?" என்றார். குரலில் கோபத்தைவிட வேறென்னவோ அதிகம் இருந்தது. "இதெல்லாம் வங்காளத்துக்கு வந்து கத்துண்ட வித்தை. ஒன்பது மா நெலம் வெச்சுண்டு வருஷத்துக்கு நாலு ரூபாய்னு சொன்னா ஊரே சிரிக்கும்."

"மேல படிங்கோ" என்றது நிலைக்குப் பின்னால் இருந்த குரல்.

வைத்தி தாளை வாங்கி மேலே படித்தார். ஊரில் காமுவும் குழந்தையும் இருந்தால் அரிசி இரண்டரை, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, எண்ணெய், பருப்பு, துணி எல்லாம் ஆறு, ஆக எட்டரை. கல்கத்தாவில் வைத்திக்கு மெஸ் பதினான்கு. மெஸ்ஸில் சேராத காபி, பலகாரம், வண்ணான் மூன்றரை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போக வழிச்செலவோடு முப்பத்தாறு. அதை மாதத்துக்குப் பிரித்தால் ஒன்றரை. எல்லாம் சேர்த்து இருபத்தேழரை. சேர்ந்து இருந்தால் முப்பத்தாறு. வித்தியாசம் எட்டரை.

"பத்தொன்பது இல்லை. எட்டரை" என்று தானாகவே சேர்த்துச் சொன்னார் வைத்தி.

"அப்போ எட்டரை ரூபாய் மிச்சம்னு ஒத்துக்கறாளோல்லியோ?" சீதாராமன் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். "வருஷத்துக்கு நூத்திரண்டு ரூபாய்டா! நானா சொன்னேன்? அவ வாயாலேயே வந்துடுத்து. கல்கத்தாவுல இருக்கறது வீண் செலவுதான். தீர்ந்தது."

காமுவுக்கு இது தெரியும். அந்த எட்டரையைக் குறைக்க அவள் மூன்று நாள் பார்த்தாள். பவானிபூரில் பச்சரிசி மணங்கு ஐந்தே காலுக்குக் கீழே வரவில்லை. வாடகை வாடகைதான். பொய்யாக ஒரு எண் போட்டிருந்தால் சீதாராமனுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனால் அவளால் முடியவில்லை. கூட்டினால் வருவது எட்டரை.

அப்போதுதான் கூடத்து மூலையிலிருந்து சாவித்ரி பேசினாள். பதினைந்து வருஷமாகப் புருஷனை எதிர்த்து ஒன்றும் சொல்லாதவள் அவள்.

"கலத்துக்கு ரெண்டணா எட்டு தம்பிடி மிச்சம்னேளே, அந்த நெல்லை உணத்திக் குத்தறது யாரு?"

சீதாராமன் திரும்பினார். "நீதான். வேற யாரு?"

"அடுத்தாத்துல குத்தறவளுக்குக் கலத்துக்கு மூணணா குடுக்கறா. அது இதுல எங்கே எழுதியிருக்கு?"

வைத்தி தாளில் தேடினார். எழுதியிருக்கவில்லை. நிலைக்குப் பின்னால் காமுவுக்கு முகம் சுட்டது. மூன்றரை வருஷத்துக் கார்டுகளை எண்ணியவள், ஆறு வருஷம் அந்த உலக்கையின் மறுபக்கத்தில் நின்று மாற்றி மாற்றிக் குத்தியவள், அவளும் அந்த இடத்தில் சைபரைத்தான் விட்டிருந்தாள்.

"மூணணா போனா நாலு தம்பிடி நஷ்டம்" என்றாள் சாவித்ரி. அவளுக்கு எழுதத் தெரியாது, விரலிலேயே எண்ணினாள். "கலத்துக்கு நாலு தம்பிடி நஷ்டத்துக்கு நான் பதினஞ்சு வருஷமா கை காய்ச்சுப்போகக் குத்திண்டிருக்கேன்."

"தவிடு மாட்டுக்கு ஆறதேடீ!"

"மாட்டுக்கு வெக்கறதும் நான்தான்."

வைத்தி சிரித்துவிட்டார், உடனே வாயை மூடிக்கொண்டார். ஆனால் சிரிப்பு வெளியே போயாகிவிட்டது. சீதாராமன் எழுந்து நின்றார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கூலி கேக்கறாளாம், கூலி! காசிக்குப் போய்ப் பாவத்தைத் தொலைச்சுட்டு வந்தா, இந்த ஊர்ல வந்து பொம்மனாட்டிகள் ரெண்டு பேரும் எனக்குப் பாடம் நடத்தறா. பட்டியலும் வேண்டாம், கிட்டியலும் வேண்டாம். நான் மூத்தவன் சொல்றேன். நாளைக்கு மூணரை டிக்கெட். எழுந்திருடா வைத்தி."

வைத்தி எழுந்திருந்தார். அண்ணா எழுந்திரு என்றால் எழுந்திருந்துதான் அவருக்குப் பழக்கம். கை ரூபாயை நோக்கிப் போயிற்று.

காமு நிலையைத் தாண்டினாள்.

தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். சீதாராமன் ஒரு கணம் யாரோ வேற்று மனுஷி வந்துவிட்டது போலப் பார்த்தார். பத்து வருஷத்தில் அவர் அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை.

"அண்ணா" என்றாள். "எட்டரை ரூபாய் ஜாஸ்திதான். நான் மறைக்கலை. உங்க பட்டியல்ல இல்லாதது ஒண்ணு இருக்கு, சொல்றேன். என் மொதல் கொழந்தை உங்காத்துல பொறந்தது. அன்னிக்கு வாடகை இல்லை, வரி இல்லை, அரிசிக்கு விலை இல்லை. அது போனப்போ அவன் அப்பாவுக்கு அவன் மூஞ்சி தெரியாது. இந்தக் கொழந்தை சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா யாருன்னு எழுந்து ஓடறது. அதுக்கு மாசம் எட்டரை ரூபாய்னா நான் குடுத்துட்டுப் போறேன். என் கையில இருக்கற ரெண்டு வளையலை வித்தாவது குடுப்பேன். இங்கேர்ந்து நகர மாட்டேன்."

"என்னை எதுத்தா பேசறே?"

"எதுத்துதான் பேசறேன் அண்ணா."

"இழுத்துண்டு போனா?"

"ஹௌரா வரைக்கும் இழுக்கலாம். வண்டியில ஏறி உக்காந்தாலும் அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடுவேன். வழி கேட்டுண்டு திரும்பி வர எனக்கு வங்காளி தெரியும்."

மேலேயிருந்து வீட்டுக்காரம்மாளின் குரல் முற்றத்தில் இறங்கியது. "கீ ஹோயேச்சே, பௌமா?" என்ன சத்தம் என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"கிச்சு நா, மாஷிமா" என்று தலையைத் திருப்பாமலே காமு பதில் கொடுத்தாள். ஒன்றுமில்லை.

சீதாராமன் தம்பியைப் பார்த்தார். "உன் பெண்டாட்டிகிட்ட நான் பேசலை. உங்கிட்ட சொல்றேன். மூணரை டிக்கெட் வாங்கிண்டு வரியா, இல்லையா?"

வைத்தி ரூபாயை எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.

அதைக் கண்டதும் காமு உள்ளே போய் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று மீதிப் பொழுதும் மறுநாள் காலையும் அவளும் வைத்தியும் அதைப்பற்றிப் பேசவில்லை. அவர் சாப்பிட்டார், ஆபீஸுக்குப் போனார். அவள் வழிக்கு எலுமிச்சஞ்சாதமும் தயிர்சாதமும் கட்டினாள். இரண்டு பேருக்கு மட்டும்தான் கட்டினாள். சாவித்ரி கூடவே உட்கார்ந்து வாழையிலையைத் துடைத்துக் கொடுத்தாள்.

"உம் பொட்டியைக் கட்டலையா?" என்றாள் சாவித்ரி மெதுவாக.

"கட்ட மாட்டேன் அக்கா."

"அவன் மூணரை வாங்கிண்டு வந்துட்டா?"

"ஒண்ணரை டிக்கெட் பணம் போனா போகட்டும்."

சாவித்ரி அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். உள்ளங்கை காய்ப்பு மரப்பட்டை மாதிரி இருந்தது.

கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் இருந்த திருவேங்கடம் மூன்று மணிக்கு வாடகைக் குதிரை வண்டியோடு வந்தார். மெஸ்ஸில் வைத்தியோடு இருந்தவர். மெயிலில் நல்ல இடம் பிடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். பெட்டிகள் வாசலுக்கு வந்தன. மூன்றேகாலுக்கு வைத்தி வந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது. ட்ராம் நிறுத்தத்திலிருந்து ஓடியே வந்திருக்க வேண்டும். விஜயலக்ஷ்மி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

அவர் குழந்தையை நகர்த்திவிட்டு அண்ணா முன்னால் வந்து, எப்போதும் எதையும் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் டிக்கெட்டை நீட்டினார். மீதி ரூபாயும் அதன்மேல் இருந்தது.

சீதாராமன் எண்ணினார். இரண்டு.

"எண்ணத் தெரியாதாடா உனக்கு?"

"தெரியும் அண்ணா" என்றார் வைத்தி.

அவர் தலை குனியவில்லை. திருவேங்கடம் விஷயம் புரியாமல் இவரையும் அவரையும் பார்த்துவிட்டு, வண்டிக்காரனோடு பெட்டியை ஏற்றப் போய்விட்டார்.

சீதாராமன் வண்டியில் ஏறினார். சாவித்ரி சாதக்கூடையை வாங்கிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். வைத்தி அண்ணாவின் காலடியில் நமஸ்காரம் செய்ய வாசலில் குனிந்தபோது சீதாராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். பிறகு வைத்தியைத் தாண்டி, வாசற்படியில் நின்ற காமுவை நேராகப் பார்த்தார்.

"இனிமே இந்த விலாசத்துக்கு நான் ஒரு கார்டு எழுத மாட்டேன். தெரிஞ்சுக்கோ."

"எழுதணும் அண்ணா" என்றாள் காமு. "கிஸ்தி கட்டினேன்னு கார்டு வந்தாத்தான் அடுத்த மாசப் பணம் வரும்."

சாவித்ரி கூடைமேல் குனிந்து கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. வண்டிக்காரன் சவுக்கைச் சொடுக்கினான். முன்பெல்லாம் மைத்துனர் தெருத் திரும்பும் வரை உள்ளேயே நிற்பவள், அன்று படியை விட்டு இறங்கித் தெருவில் வந்து, வண்டி பெரிய ரஸ்தாவில் ஏறிப் போகும் வரை நின்று பார்த்தாள்.